ஒற்றைத் தண்டவாள ரயில்கள்: கிறுக்கா, கணக்குப் பிசகா?

ஒரு வாசகரின் கேள்வி, ஜூன் 2

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த விசித்திரக் கண்டுபிடிப்புகளைப் பற்றிய பட்டியல்கள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. வேகமாகச் சுழலும் சக்கரத்தின், அதாவது கைரோஸ்கோப்பின், உதவியால் ஒற்றைத் தண்டவாளத்தில் நிற்கும் ரயில், இருநூறு டன் எடையுள்ள இசைக்கருவி, ஒன்பது இறக்கைகள் கொண்ட விமானம் என்று அவை நீள்கின்றன. வேலை செய்யாத பொருள்களைச் செய்து பணத்தைப் பாழாக்கியவர்களை நாம் ஏன் வியந்து பேச வேண்டும்? இவை வெறும் கிறுக்குத்தனம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் விளக்கலாம்.

ஜூன் 2, மாலை

"வேலை செய்யாத பொருள்கள்" என்ற இடத்திலேயே மறுக்கிறேன். பட்டியலில் முதலாவதாக உள்ள கைரோஸ்கோப் ரயில் ஓடியது. லூயி பிரென்னன் 1909 நவம்பர் 10 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள கில்லிங்ஹாமில் அதைப் பலர் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார். 40 அடி நீளமும் 22 டன் எடையும் கொண்ட அந்த வண்டி, ஒரே தண்டவாளத்தின் மீது வரிசையாக அமைந்த சக்கரங்களில், இருபுறமும் எந்தத் தாங்கலும் இல்லாமல், ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவுகளில் திரும்பி ஓடியது. மறு ஆண்டு லண்டனில் நடந்த ஜப்பான்-பிரிட்டன் பொருட்காட்சியில் ஒரு தடவைக்கு ஐம்பது பேர் வரை அதில் சவாரி செய்தார்கள். வின்ஸ்டன் சர்ச்சிலும் ஏறிப் பார்த்தார்.

பிரென்னன் ஏமாற்றுக்காரரும் அல்லர். அயர்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த அவர், கரையிலிருந்து கம்பிகளால் இயக்கப்படும் டார்பிடோ ஒன்றைச் செய்து, அதன் உரிமைக்காக பிரிட்டிஷ் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுனுக்கும் மேல் பெற்றவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஜூன் 3

அது எப்படி விழாமல் நின்றது என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் என்பதால் இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பம்பரம் சுழலும் வரை நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் நான் பயன்படுத்தியது ஒரு சைக்கிள் சக்கரம். அச்சின் இரு முனைகளிலும் கைப்பிடி மாட்டி, சக்கரத்தை வேகமாகச் சுழற்றி மாணவனிடம் கொடுத்து, "ஒரு பக்கம் சாய்த்துப் பார்" என்பேன். அவன் கீழே அழுத்தினால் சக்கரம் கீழே போகாது. இடமாகவோ வலமாகவோ திரும்பும். கையில் யாரோ மறைந்து நின்று இழுப்பது போல இருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் எவனாவது ஒருவன் சொல்வான், உடனே அடுத்தவன் பிடுங்கிப் பார்ப்பான்.

ஆனால் சுழலும் சக்கரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மட்டும் ரயில் நிற்காது. எடை முழுவதும் தண்டவாளத்துக்கு மேலே இருப்பதால், அது விழுவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். பிரென்னனின் திறமை அடுத்த படியில் இருந்தது. பெட்டி சாயத் தொடங்கியவுடன் சக்கரத்தின் அச்சு பக்கவாட்டில் விலகத் தொடங்கும். அந்த விலகலைத் தடுக்காமல், அதே திசையில் இன்னும் வேகமாகத் தள்ளிவிட்டால், பெட்டி நிமிர்ந்துகொள்ளும். இதை மனிதக் கை இல்லாமல் இயந்திரமே செய்யும்படி அவர் அமைத்தார். ஒரே சக்கரம் இருந்தால் வளைவில் திரும்பும்போது அதுவே வண்டியைச் சாய்த்துவிடும் என்பதால், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டை வைத்தார். ஒவ்வொன்றும் மூன்றரை அடி விட்டம், முக்கால் டன் எடை, நிமிடத்துக்கு 3,000 சுற்று. காற்றின் உராய்வைத் தவிர்ப்பதற்காக, காற்றை வெளியேற்றிய கூடுகளுக்குள் அவை சுழன்றன. ஆகவே இயந்திரம் நின்றுபோனாலும் சக்கரங்கள் உடனே ஓய்ந்துவிடா; முட்டுக் கொடுத்து நிறுத்திக்கொள்ள வேண்டிய அவகாசம் கிடைக்கும்.

பயணிகள் அனைவரும் ஒரு பக்கமாக நகர்ந்தால் அந்தப் பக்கம் தாழ வேண்டும் அல்லவா? பிரென்னன் வண்டியில் ஆள் ஏறிய பக்கம் மெல்ல உயர்ந்தது. காற்று அடித்தால், காற்றை நோக்கிச் சாய்ந்தது. பார்த்தவர்களை எல்லாவற்றையும்விட அதிகமாக மருட்டியது இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 3, இரவு

"அவ்வளவு நன்றாக ஓடியதென்றால் ஏன் எங்கும் காணவில்லை?" என்று கீழே ஒருவர் ஒரே வரியில் மடக்கியிருக்கிறார். நியாயமான கேள்வி.

என் விடை: பத்தாவது பெட்டி.

பொருட்காட்சியில் ஓடியது ஒரே வண்டி. உண்மையான ரயிலில் பல பெட்டிகள் இருக்கும். சாதாரணச் சரக்குப் பெட்டி என்பது நான்கு சக்கரமும் ஒரு மரத் தொட்டியும்தான். அதை எந்தப் பக்க லைனிலும் கழற்றிவிட்டு மாதக் கணக்கில் மறந்துவிடலாம். பிரென்னன் முறையில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக இரண்டு கைரோஸ்கோப்பும், அவற்றைச் சுழற்ற விசையும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓடினாலும் நின்றாலும், சக்கரம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும்; இல்லையேல் ஒவ்வொன்றுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு தண்டவாளத்தை மிச்சப்படுத்தியதால் கிடைத்த பணத்தைப் பெட்டிகளே விழுங்கிவிடும். முதல் பெட்டி பொறியாளரின் வெற்றி. பத்தாவது பெட்டிக்குக் கணக்குப் பிள்ளை கையெழுத்துப் போட மாட்டார்.

ஜூன் 5

நேற்று முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே எழுதியதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பாதி இன்னும் வரவில்லை.

பிரென்னனுக்குப் பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? இந்தியா ஆபீஸ், அதாவது லண்டனில் இருந்தபடி இந்தியாவை ஆண்ட அரசுத் துறை. வடமேற்கு எல்லைப் பகுதி மலைகளில் படைகளுக்கு விரைவாக ரயில் பாதை போட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. காஷ்மீர் தர்பாரும் பணம் கொடுத்தது. மலைச்சரிவில் இரண்டு தண்டவாளத்துக்குச் சமதளம் வெட்டுவதைவிட ஒன்றுக்கு வெட்டுவது எளிது, வளைவுகளையும் குறுக்கலாம் என்ற எண்ணம் தவறானதன்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டுகளில் அதே இந்தியாவில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதை இழுத்தவை மாடுகளும் கோவேறு கழுதைகளும்.

அது யூயிங் என்பவரின் முறை. சாலையோரமாக ஒரே தண்டவாளம். பெட்டிக்குக் கீழே தண்டவாளத்தில் உருளும் சிறு சக்கரங்கள். பக்கவாட்டில் ஒரு சட்டம் நீண்டு, அதன் முனையில் ஒரு பெரிய சக்கரம் சாலையின் மீது உருளும். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்டவாளத்தில் விழும். மீதியைச் சாலைச் சக்கரம் தாங்கி, வண்டி கவிழாமல் பிடித்துக்கொள்ளும். எஃகின் மீது எஃகு உருளுவதால் இழுவை குறைவு. மாட்டுவண்டியில் ஏற்ற முடியாத பாரத்தை அதே மாடு இழுத்துவிடும். சுழலவோ சூடேறவோ உள்ளே எதுவும் இல்லை. பத்தாவது பெட்டிக்குத் தேவை இன்னொரு சக்கரம் மட்டுமே, அதை உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் பழுது பார்த்துவிடுவார்கள்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

எங்கே என்று கேட்பீர்கள். ஒன்று பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்றொன்று நம் எல்லையில், மூணாறு.

1902ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை இத்தகைய ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டது. மாடுகள் இழுத்தன. அங்கே வந்து சேர்ந்த தேயிலைப் பெட்டிகள் மலையிலிருந்து இறங்கி, ரோப்வே வந்த பிறகு அதன் வழியாகவே, கொட்டகுடிக்கு வந்து, அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர் சென்றன. மேலே இருந்தது டாப் ஸ்டேஷன் என்பதால் கொட்டகுடியை பாட்டம் ஸ்டேஷன் என்றார்கள். இன்று பனிமூட்டத்தையும் பள்ளத்தாக்கையும் பார்க்க வந்து பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பும் பயணிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரில் உள்ள "ஸ்டேஷன்" ரயில்வே ஸ்டேஷன் என்று தெரியும்? நான் குரங்கணி வழியாக நடந்து ஏறியபோது எனக்கும் தெரியாது. பேருந்து நிற்கும் இடம் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 6

போடியைச் சேர்ந்த வாசகர் ஒருவர், மூணாற்று ரயில் நீராவி எஞ்சினில் ஓடியதாகத் தம் குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பதாகவும், நான் மாடு என்கிறேனே என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் சரி. 1908இல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலக் குறுகிய பாதை போட்டார்கள். எஞ்சின் அதற்குப் பிறகு வந்தது. அந்தப் பாதையும் 1924 ஜூலை வெள்ளத்தில் அழிந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று சொல்லும் பெருவெள்ளம் அது. பாதையை மறுபடி போடவில்லை.

இது என் வாதத்துக்குச் சற்று இடைஞ்சல்தான். மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளமும் ஆறே ஆண்டுகளில் சாதாரண ரயிலுக்கு இடம் விட்டது. தேயிலை விளைச்சல் பெருகியபோது மாட்டின் வேகம் போதவில்லை என்று கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது ஆறு ஆண்டுகள் சரக்கு சுமந்துவிட்டுப் போனது. பிரென்னனின் வண்டி ஒரு மூட்டைத் தேயிலையைக்கூட யாருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

ஜூன் 8

பாட்டியாலா. 1907இல் தொடங்கி ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வரை அமைந்த யூயிங் முறைப் பாதை. சமஸ்தானத்துப் படையில் கோவேறு கழுதைகள் ஏராளமாக இருந்தன. போர் இல்லாத காலத்திலும் அவற்றுக்குத் தீனி போட்டே ஆக வேண்டும். அவற்றுக்கு வேலை கொடுக்க இது நல்ல வழியாக அமைந்தது. பின்னர் பெர்லினின் ஓரன்ஸ்டைன் உண்ட் கோப்பல் நிறுவனத்திடமிருந்து நீராவி எஞ்சின்களும் வாங்கினார்கள். 1927 வரை ஓடியது.

அந்த எஞ்சின்களில் ஒன்று டெல்லி சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். நேர் எதிரே நின்று பார்த்தால் சிரிப்பு வரும்: ஒரு பக்கம் சாதாரணச் சிறு நீராவி எஞ்சின், அடியில் நட்டநடுவில் மூன்று சக்கரங்கள் ஒரே வரிசையில்; மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆரக்கால்கள் கொண்ட இரும்புச் சக்கரம் ஏறக்குறைய மனிதர் மார்பளவு உயரம். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நின்ற குடும்பத்தில் ஒரு சிறுவன் "இதில் பாதி எங்கே போச்சு?" என்று கேட்டான், அவனுடைய அப்பா திருடிவிட்டார்கள் என்று பதில் சொன்னார்.

இந்தப் பாதையை முடித்தது எது என்று யோசித்தால் ஒரு விபரீதம் புலப்படுகிறது. யூயிங் வண்டி சாலையை நம்பியிருந்தது. சாலை மோசமாக இருந்த காலத்தில், எடையைத் தண்டவாளத்துக்கு மாற்றியதால் அது வென்றது. சாலை நன்றாகி மோட்டார் லாரி வந்துவிட்டால் தண்டவாளம் எதற்கு? முழு எடையையும் சாலையிலேயே போட்டுவிடலாமே! தன் பக்கச் சக்கரம் உருண்ட அதே சாலையில் வந்த எதிரியிடம் அது தோற்றது.

ஜூன் 9

இருநூறு டன் இசைக்கருவியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்று முதல் வாசகர் குத்திக்காட்டியிருக்கிறார். திறக்கிறேன்.

அது டெல்ஹார்மோனியம். அமெரிக்கரான தாடியஸ் காஹில் 1897இல் காப்புரிமை பெற்று, 1906இல் நியூயார்க் பிராட்வேயில் நிறுவினார். பல்வரிசை கொண்ட சுழலும் உருளைகள் மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டத்தின் அதிர்வெண்ணே சுரம். வாசிப்பதைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் அனுப்பிச் சந்தா வசூலிப்பது திட்டம்.

ஏன் இருநூறு டன்? கிறுக்கினால் அல்ல. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் அப்போது கிடையாது. இன்று மெலிந்த மின்குறிகையை அனுப்பி, கேட்கும் இடத்தில் பெருக்கிக்கொள்கிறோம். காஹில், கேட்பவர் காதில் ஒலிக்க வேண்டிய ஆற்றல் முழுவதையும் தொடக்கத்திலேயே உண்டாக்க வேண்டியிருந்தது. ஆகவே அவருடைய கருவி பாதி வாத்தியம், பாதி மின்நிலையம். அவ்வளவு வலுவான மின்னோட்டம் கம்பியில் ஓடியபோது, பக்கத்துக் கம்பிகளில் பேசிக்கொண்டிருந்தவர்களின் காதிலும் இசை புகுந்தது. வியாபாரப் பேச்சின் நடுவே கச்சேரி கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? மின்குறிகையைப் பெருக்கும் வெற்றிடக் குழல் வந்த பிறகு, 1930களில் ஹாமண்ட் ஆர்கன் அதே சுழல் உருளைத் தத்துவத்தை ஒரு மேசை அளவில் அடக்கியது.

இங்கே பத்தாவது பெட்டி என்ற அளவுகோல் பொருந்தாது. பிரென்னன் தேவைக்கு மேல் செய்தார். காஹில் தம் காலத்துக்கு முன்பே செய்துவிட்டார். இருவரையும் ஒரே பட்டியலில் போட்டுச் சிரிப்பது சரியில்லை.

ஜூன் 10

அப்படியானால் உண்மையான கிறுக்கே இல்லையா என்றால், இருக்கிறது.

பாரிசில் தையற்காரராக இருந்த ஃப்ரான்ஸ் ரைஷெல்ட், உடையாகவே அணியக்கூடிய பாராசூட்டைத் தைத்து, 1912 பிப்ரவரி 4 அன்று ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து, 57 மீட்டர் உயரத்திலிருந்து, தாமே குதித்து இறந்தார். பொம்மையை வைத்துச் சோதிப்பதாகச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தார். முந்தைய பொம்மைச் சோதனைகள் தோற்றிருந்தன. அதற்கு இரண்டே நாள் முன்பு, பிப்ரவரி 2 அன்று, ஃபிரெடரிக் லா என்பவர் நியூயார்க்கில் சுதந்திரதேவி சிலையிலிருந்து பாராசூட்டுடன் குதித்து உயிரோடு இறங்கியிருந்தார். ஆகவே எண்ணம் பைத்தியக்காரத்தனமானது அன்று. தோற்ற சோதனையைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ளாததுதான் பைத்தியம்.

ஒன்பது இறக்கை விமானத்தையும் இந்த வகையில்தான் சேர்ப்பேன். இத்தாலியில் கப்ரோனி, போர்க்கால மூவிறக்கை விமானங்களின் இறக்கைத் தொகுதிகள் மூன்றை ஒரு படகு போன்ற உடல்மீது முன்னும் நடுவிலும் பின்னும் பொருத்தி, எட்டு எஞ்சின்கள் வைத்து, நூறு பேரை அட்லாண்டிக்குக்கு அப்பால் கொண்டுபோக நினைத்தார். 1921 மார்ச் 4 அன்று மஜ்ஜோரே ஏரியில் கிளம்பிச் சற்றே உயர்ந்து நீரில் மோதி நொறுங்கியது. விமானி தப்பினார். சிறியதில் சரியாக இருந்ததை மூன்று மடங்காக அடுக்கினால் பெரியதிலும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு விளங்கவே இல்லை.

ஜூன் 12

கப்பலில் கைரோஸ்கோப் பயன்படுகிறதே, அப்படியென்றால் பிரென்னன் வென்றுவிட்டார் என்றுதானே பொருள் என்று கேட்பவருக்கு: கப்பல் ஆட்டத்தை அடக்கச் சுழல் சக்கரம் வைக்கும் முயற்சியும் அதே காலத்தது, ஆனால் அது வேறு சிலருடைய வழி. 1932இல் வந்த இத்தாலியப் பயணிக் கப்பல் கோன்டே டி சவோயாவில் மிகப் பெரிய கைரோஸ்கோப்புகள் மூன்று இருந்தன. கப்பலுக்குப் பின்னால் பத்துக் கப்பலைக் கோத்து இழுப்பதில்லை. அதோடு, கைரோஸ்கோப் நின்றுபோனாலும் கப்பல் மிதக்கும், பயணிகள் வாந்தி எடுப்பார்கள், அவ்வளவே. பிரென்னன் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஜூன் 12, இரவு

பிரென்னனின் வண்டிகள் என்ன ஆயின என்பதை இன்னும் சொல்லவில்லை. செய்தவை இரண்டு. ஒன்று பழைய இரும்பாக விற்கப்பட்டது. மற்றொன்று 1930 வரை ஒரு பூங்காவில் நிழற்குடையாக நின்றது. பிரென்னன் பிறகு ஃபார்ன்பரோவில் அரசுக்காக ஹெலிகாப்டர் செய்யப் பல ஆண்டுகள் உழைத்தார், அதுவும் கைவிடப்பட்டது. 1932இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோவில் கார் மோதியதில் அவர் இறந்தார்.

இதைவிட விசித்திரம் ஷிலோவ்ஸ்கியின் கார். ரஷ்யரான அவர் 1914இல் லண்டனில், முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டே சக்கரங்களில் நிற்கும் கைரோஸ்கோப் காரை வோல்ஸ்லி நிறுவனத்தைக் கொண்டு செய்வித்து ஓட்டிக் காட்டினார். போர் வந்தது. நிறுவனத்தார் காரை மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள். 1938இல் தோண்டி எடுத்துக் காட்சிக்கு வைத்தார்கள். 1948இல் உடைத்துப் போட்டார்கள். புதைத்தபோது பிழைத்தது, வெளியே எடுத்த பிறகு செத்தது.

ஜூன் 15

பத்தாவது பெட்டி என்ற அளவுகோலைப் பல நாளாக நானே புரட்டிப் பார்க்கிறேன். அதில் ஓர் ஓட்டை உண்டு. ரயிலையே மறந்துவிட்டு, பேருந்து போலத் தனி வண்டியாக மட்டும் ஓட்டியிருந்தால், ஆழமான பள்ளத்தாக்கின் குறுக்கே ஒற்றைக் கம்பிப் பாலம் கட்டியிருந்தால், பிரென்னனின் கணக்கு கூடியிருக்கலாம். அவரிடம் பணம் கொடுத்தவர்கள் கேட்டது அது அன்று. படையையும் பீரங்கியையும் நெடுந்தொலைவு இழுக்கும் ரயில் பாதையைக் கேட்டார்கள். ஆகவே முதல் வாசகரே, பாழான பணத்துக்குப் பொறுப்பில் பாதியைக் கேட்டவர்கள் மீதும் போடுங்கள்.

ஜூன் 17

ஐரோப்பாவில் எங்குமே ஒற்றைத் தண்டவாளம் சம்பாதித்ததில்லையா என்பது கடைசியாக வந்த கேள்வி. சம்பாதித்ததா என்று கேட்டால் தயங்குவேன். ஓடியதா என்றால், ஓடியது. அயர்லாந்தில் லிஸ்டோவலுக்கும் பாலிபனியனுக்கும் இடையே, ஒன்பது மைல், 1888 முதல் 1924 வரை. ஆங்கில "ஏ" எழுத்து வடிவத் தாங்கிகளின் உச்சியில் தண்டவாளம். பெட்டி அதன் இருபுறமும் பொதிமாட்டின் மூட்டைகளாகத் தொங்கும். எஞ்சினுக்குக்கூட இரண்டு கொதிகலன்கள், பக்கத்துக்கு ஒன்று. லார்டீக் முறை என்பார்கள்.

சிக்கல், இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஒரு பசுவை அனுப்ப வேண்டுமானால் மறுபக்கத்தில் இரண்டு கன்றுகளை ஏற்றுவார்களாம். பசு போய்ச் சேர்ந்த பிறகு கன்றுகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது எளிது, பக்கத்துக்கு ஒன்றாக ஏற்றிவிடலாம்.